ஒரே டிராக்டரா, வேலைக்கொரு இயந்திரமா? காவிரி டெல்டா விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மன்னார்குடிப் பக்கம் ஒரு வேலிக்குச் சற்றுக் குறைவாக நெல் செய்கிறேன். கொள்ளிடக் கரையில் சித்தப்பா வாழை வைத்திருக்கிறார். ஊரில் யாராவது இயந்திரம் வாங்கக் கிளம்பினால், கடைக்குப் போகும் முன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்கிற கேள்விகள் இவை. பெரிய எஞ்சின் ஒன்று வாங்கி அதில் கருவிகளை மாற்றி மாட்டி எல்லா வேலையும் பார்ப்பதா, அல்லது களைக்கு ஒன்று, நடவுக்கு ஒன்று, அறுப்புக்கு ஒன்று என்று பிரிப்பதா என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் குழப்பம்.

எங்களுக்கு ஒரு வேலி நிலம். சொந்த டிராக்டர் வாங்கலாமா?

உங்கள் நிலத்தை மட்டும் உழுவதற்கு என்றால் வாங்காதீர்கள். காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு வேலி என்பது 20 மா, ஏறக்குறைய 6.6 ஏக்கர். குறுவை, தாளடி என்று இரண்டு போகம். ஒரு ஏக்கருக்குக் காய்ந்த மண்ணில் புழுதி உழவு இரண்டு சால் (அதாவது வயல் முழுக்க இரண்டு தடவை), தண்ணீர் கட்டிச் சேற்றில் தொளி உழவு இரண்டு சால், சமப்படுத்தும் பரம்படிப்பு, எரு ஏற்றுவது, அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையம் கொண்டுபோவது எல்லாம் சேர்த்து 6 மணி நேரம் என்று தாராளமாகவே வைப்போம். இரண்டு போகத்துக்கும் சேர்த்து ஆண்டுக்கு 80 மணி நேரம்கூட வராது. டிராக்டருக்கு ஆண்டுக்கு 1,000 மணி நேர ஓட்டம் என்று வைத்துத்தான் பொறியாளர்கள் செலவுக் கணக்குப் போடுகிறார்கள்.

டிராக்டர், ரோட்டவேட்டர் (சுழலும் கத்திகளால் மண்ணைப் பொடியாக்கும் கருவி), ஒன்பது கொத்துக் கலப்பை, கேஜ் வீல் (சேற்றில் ஓட மாட்டும் இரும்புச் சக்கரம்), டிரெய்லர் எல்லாம் சேர்ந்து 10 லட்சம் ரூபாய் என்று கணக்குக்காக எடுத்துக்கொள்ளுங்கள். தேய்மானம், வட்டி, காப்பீடு மூன்றும் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். அதை 80 மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 1,500 ரூபாய். டீசலும் டிரைவர் சம்பளமும் இதில் சேரவில்லை. அதே வண்டி 600 மணி நேரம் ஓடினால் மணிக்கு 200 ரூபாய்தான். உங்கள் ஊர் உழவு வாடகையை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள், பதில் தெரிந்துவிடும்.

ஆகவே ஒரு வேலிக்காரர் டிராக்டர் வாங்குகிறார் என்றால் வாடகைத் தொழிலில் இறங்குகிறார் என்றே பொருள். விடியுமுன் வண்டி எடுக்க வேண்டும், டிரைவர் வராத நாளில் தானே ஏறி உட்கார வேண்டும், அறுப்பு முடிந்து காசு வரும்வரை பாக்கிக்குப் பொறுத்திருக்க வேண்டும். அதற்கு மனமும் வீட்டில் ஓட்டத் தெரிந்த ஆளும் இருந்தால் வாங்குங்கள். நல்ல தொழில்தான்.

அப்படியானால் எதைச் சொந்தமாக வைத்துக்கொள்வது, எதை வாடகைக்கு எடுப்பது?

இரண்டே கணக்குதான். ஒன்று, அந்த இயந்திரம் உங்களிடம் ஆண்டுக்கு எத்தனை நாள் வேலை செய்யும்? இரண்டு, அது கிடைக்காமல் எத்தனை நாள் உங்களால் காத்திருக்க முடியும்? பலர் முதல் கணக்கைப் போடுகிறார்கள், இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். விளைச்சலும் பணமும் போவது பெரும்பாலும் இரண்டாவதில்தான்.

குறுவையை எடுத்துக்கொள்ளுங்கள். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்கால் முழுக்க எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தொளி உழவு வேண்டும். நாற்றங்காலில் குறுகிய கால நாற்று நிற்கிறது. மூன்று வாரம் தாண்டினால் நாற்று முற்றும், நட்ட பிறகு தூர் கட்டுவது குறையும். வாடகை வண்டி "நாளைக்கு வர்றேன், நாளைக்கு வர்றேன்" என்று பத்து நாள் இழுத்தால் அந்த இழப்பு எந்த வாடகைக் கணக்கிலும் ஏறாது. ஆனால் அறுவடை முடியும்போது மூட்டையில் தெரியும்.

களையும் அப்படித்தான். நட்ட பதினைந்தாம் நாள் எடுக்க வேண்டிய களையை முப்பதாம் நாள் எடுத்தால் உரத்தில் பாதியைக் களை தின்றிருக்கும். கையால் தள்ளும் கோனோ வீடரோ, எஞ்சின் வைத்த சிறிய பவர் வீடரோ, ஏதாவது ஒரு களையெடுப்புக் கருவி சொந்தமாக இருக்கட்டும் என்று நான் சொல்வதன் காரணம் அதுதான். விலை குறைவு, வேலை நாள் அதிகம், காத்திருக்க முடியாத வேலை.

நடவு இயந்திரம் இதற்கு நேர் எதிர். பின்னால் நடந்து ஓட்டும் நான்கு வரிசை இயந்திரத்துக்கு ஒரு வேலி நடவு மூன்று நாள் வேலை. ஆண்டுக்கு ஆறு நாள் வேலைக்கு ஒரு எஞ்சினை ஷெட்டில் நிறுத்தி, எலி ஒயரைக் கடிக்காமல் பார்த்துக்கொண்டிருப்பதில் பொருளில்லை. அதை வைத்திருப்பவரிடம் முன்கூட்டியே நாள் சொல்லி, அவர் கேட்கிற மாதிரி பாய் நாற்றங்கால் (இயந்திரத்தில் வைக்கப் பாய்போல் சுருட்டி எடுக்கும் நாற்று) போட்டு வைத்தால் போதும்.

டிராக்டர் ஒன்று போதும், எல்லாக் கருவியும் அதில் மாட்டிக்கொள்ளலாம் என்கிறார்களே?

பாதி உண்மை. அந்தப் பாதிக்கு ஒரு வரலாறே இருக்கிறது. தொடக்க கால டிராக்டர்கள் கலப்பை இழுக்கவும் கதிரடிக்கும் இயந்திரத்தைச் சுற்றவும் மட்டுமே பயன்பட்டன. வரிசைப் பயிருக்குள் களையெடுக்க அமெரிக்க விவசாயி அதன் பிறகும் குதிரை வைத்திருந்தார். 1924-ல் வந்த ஃபார்மால் டிராக்டர், உயரமான உடலோடு வரிசைகளுக்கு நடுவே போய் அந்த இரண்டு வேலையையும் ஒரே வண்டியில் கொண்டுவந்தது. பிறகு ஹாரி ஃபெர்குசன் என்ற பொறியாளர் மூன்று கைகளும் ஹைட்ராலிக் லிஃப்ட்டும் சேர்ந்த இணைப்பை உருவாக்கினார். 1939-ல் ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து அவர் கொண்டுவந்த 9என் டிராக்டரில் அது பரவலாயிற்று. இன்று நம் ஊர் டிராக்டரின் பின்னால் இரண்டு லிஃப்ட் கையும் ஒரு டாப் லிங்க்கும் இருக்கிறதே, அதன் மூலம் அதுதான். கருவியை வெறுமே கட்டி இழுக்காமல் டிராக்டரின் உறுப்பாகவே ஆக்கியது அந்த இணைப்பு. ஒரு எஞ்சினில் பத்துக் கருவி மாட்ட முடிகிறது என்றால் அந்த மனிதர் யோசித்ததால்தான்.

மற்றப் பாதிக்கு நம் வயலுக்கு வர வேண்டும்.

நம் வயலில் டிராக்டரால் முடியாதது என்ன?

முதலில் அகலம். 45 எச்.பி. டிராக்டரின் பின் சக்கர வெளி அகலம் ஐந்தரை, ஆறு அடியை ஒட்டி வரும். வாழையை 6 அடிக்கு 6 அடி வைத்திருந்தால் கன்று நட்ட பிறகு அது உள்ளே நுழைய முடியாது. பழைய முறையில் 3 அடிப் பாரில் கரும்பு வைத்தவருக்கும் அதே கதை. 5 அடிப் பாருக்கு மாறியவர்கள் மினி டிராக்டரைக் கொஞ்ச காலம் உள்ளே விட முடிகிறது.

அடுத்தது எடை. ஒரு நடுத்தர டிராக்டர் இரண்டு டன்னை ஒட்டி இருக்கும், ரோட்டவேட்டரும் கேஜ் வீலும் தனி. திருவாரூர், நாகை களிமண்ணில், அதிலும் பள்ளக்கால் வயல்களில், அது இறங்கிவிட்டால் இன்னொரு டிராக்டர் வந்துதான் இழுக்க வேண்டும். பின்னால் நடந்து ஓட்டும் பவர் டில்லர் அரை டன்னுக்குள் முடிந்துவிடும்.

மூன்றாவது, மூலை. ஒரு மா, இரண்டு மா அளவில் வரப்பு வரப்பாகக் கிடக்கும் வயலில் டிராக்டர் திரும்புவதற்கே பாதி நேரம் போகிறது. நான்கு மூலையிலும் உழாத மண் கிடக்கும், மண்வெட்டியோடு ஆள் இறங்க வேண்டும். தமிழ்நாட்டில் ஒரு விவசாயிக்குச் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர் என்று 2015-16 வேளாண் கணக்கெடுப்பு சொல்கிறது. அதுவும் ஒரே துண்டாக இருப்பதில்லை. இயந்திரம் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் பெரிய சதுர வயலில் ஓட்டிக் காட்டுகிறார்கள். "என் வயலுக்கு வந்து ஓட்டுங்கள்" என்று கேளுங்கள், தயங்க வேண்டாம்.

டிராக்டரிலேயே பொருத்தும் நெல் அறுவடை இயந்திரமும் வடமாநிலங்களில் உண்டு. அதைப் பொருத்தவும் கழற்றவும் ஆகும் பாட்டைப் பார்த்தால், அந்தப் பருவம் முழுக்க டிராக்டர் வேறு எதற்கும் கிடைக்காது. நம் ஈரத் தரைக்கு டயர் வண்டியே சிரமம்.

பவர் டில்லரா, மினி டிராக்டரா?

யார் ஓட்டப் போகிறார் என்று முதலில் சொல்லுங்கள். பவர் டில்லர் ஒரு நடையில் ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலம் உழும். அப்படியென்றால் ஒரு ஏக்கரை ஒரு தடவை உழ ஏழு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நடக்க வேண்டும், அதுவும் முழங்கால் சேற்றில், கையில் அதிரும் பிடியோடு. இரண்டு சால் என்றால் இரு மடங்கு. இளவட்டம் செய்துவிடுவார்கள். அறுபது வயது அப்பா செய்வார் என்று கணக்கில் எழுதாதீர்கள்.

தரை கெட்டியாகவும் வாழை, மஞ்சள், காய்கறி என்று பயிர் மாறிக்கொண்டும் இருந்தால் 20 முதல் 28 எச்.பி. வரையிலான மினி டிராக்டரைத்தான் நான் சொல்வேன். சேறு ஆழமாகவும் வயல் துண்டு துண்டாகவும் இருந்து நெல் மட்டுமே என்றால் டில்லருக்கு இன்னும் இடம் உண்டு. மினி டிராக்டரை வைத்து டிரெய்லரில் பெரிய டிராக்டர் பாரத்தை ஏற்றுவதைப் பார்க்கிறேன். இழுக்கும், ஆனால் பிரேக் அந்தப் பாரத்துக்கு நிற்காது. வாய்க்கால் பாலத்து இறக்கத்தில் அது உயிர் விஷயம்.

வாழையும் தென்னையும் உள்ளவருக்கு?

சித்தப்பா இரண்டு ஆண்டு பெரிய டிராக்டரை வாடகைக்கு எடுத்தார். நடும் முன் சட்டிக் கலப்பை, ஐந்து கொத்து, ரோட்டவேட்டர் என்று மூன்று நாளில் வேலை முடிந்தது, பிறகு அடுத்த ஆண்டுவரை அந்த வண்டிக்குத் தோட்டத்தில் வேலையே இல்லை. களையெடுப்பும் மண் அணைப்பும்தான் மாதா மாதம் வந்துகொண்டிருந்தன, ஆள் கிடைக்கவில்லை. அவர் வாங்கியது ஒரு பவர் வீடர் மட்டும். என் பார்வையில் வாழைத் தோட்டத்துக்குச் சரியான பிரிவினை அதுதான். கனத்த வேலை வாடகையில், அன்றாட வேலை கையில்.

தென்னந்தோப்பில் 25 அடி இடைவெளி இருப்பதால் எந்த டிராக்டரும் போகும். போக முடிகிறது என்பதற்காக மரத்தடிவரை ரோட்டவேட்டரை விடாதீர்கள். மரத்தைச் சுற்றி ஆறடிக்குள்தான் உணவு எடுக்கும் வேர்கள் நெருக்கமாக இருக்கின்றன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் 2018 கஜா புயலுக்குப் பிறகு கன்று வைத்தவர்கள் ஊடுபயிருக்காக மினி டிராக்டர் வாங்குவது நல்ல யோசனை. மரம் வளர்ந்து நிழல் கட்டியபின் ஊடுபயிர் குறையும், வண்டியின் வேலை நாளும் குறையும் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள்.

எத்தனை எச்.பி. எடுப்பது?

கருவியை முதலில் முடிவு செய்யுங்கள், எஞ்சின் பிறகு. எஞ்சினின் திறன் முழுவதும் பின்னால் வராது. கருவியைச் சுற்ற வண்டியின் பின்னால் இருக்கும் தண்டான பி.டி.ஓ.வில் ஏறக்குறைய 85 சதவீதம் கிடைக்கும். ஆறடி ரோட்டவேட்டரைக் களிமண்ணில் ஓட்ட 45 எச்.பி. வேண்டும். 35 எச்.பி. வண்டிக்கு ஐந்தடி போதும். பெரிதாக மாட்டிவிட்டு எஞ்சின் கறுப்புப் புகை தள்ள ஓட்டுவது டீசலையும் வண்டியையும் ஒன்றாகக் கரைக்கும்.

வாடகைக்கு எங்கே கேட்பது? மானியம் உண்டா?

வேளாண்மைப் பொறியியல் துறை டிராக்டர், அறுவடை இயந்திரம், மண் தள்ளும் இயந்திரம் எல்லாவற்றையும் மணிக் கணக்கில் வாடகைக்கு விடுகிறது. வாடகை தனியாரைவிடக் குறைவு. தமிழ்நாடு அரசின் உழவன் செயலியிலும் வழி இருக்கிறது. பருவம் உச்சத்தில் இருக்கும்போது வரிசை நீளும் என்பதால், தண்ணீர் திறக்கும் தேதி தெரிந்தவுடனே பதிவு செய்துவிடுங்கள்.

மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கம் 2014-15-ல் தொடங்கியது. அதில் சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் மானியம் என்பது பொது அளவு. ஒவ்வொரு கருவிக்கும் உச்சவரம்பு தனி. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கும் உழவுக் கருவிகளுக்கும் ஜி.எஸ்.டி. 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு முன் வாங்கிய விலைப்பட்டியலைக் காட்டி யாராவது பேசினால் புதியதைக் கேளுங்கள்.

மானியம் கிடைக்கிறது என்பதற்காகத் தேவையில்லாத கருவியை வாங்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். எங்கள் தெருவில் அப்படி வாங்கிய விதைப்புக் கருவி ஒன்று வைக்கோல் போருக்குப் பக்கத்தில் துருப்பிடித்து நிற்கிறது. அதில் மீதிப் பாதிப் பணம் ஒரு குடும்பத்தின் ஓராண்டு உழைப்பு.

அண்ணன் தம்பி மூவர் சேர்ந்து ஒரு டிராக்டர் வாங்கலாமா?

மூவர் நிலமும் ஒரே வாய்க்காலில் இருந்தால் ஒரே நாளில் மூவருக்கும் வண்டி வேண்டும். அங்கேதான் மனக்கசப்பு தொடங்கும். ஒருவருக்கு ஆற்றுப்பாசனம், ஒருவருக்கு பம்பு செட், ஒருவருக்கு நேரடி விதைப்பு என்று நாள் தள்ளிப் போகும் இடத்தில் கூட்டு நன்றாக நடக்கும். பம்பு செட் வைத்திருப்பவர் மேட்டூருக்குக் காத்திருக்காமல் முன்பே உழுதுவிடுவார், அடுத்தவருக்கு வண்டி ஓய்வாகக் கிடைக்கும். எது எப்படியானாலும் மணி மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுங்கள், டீசல் அவரவர் ஊற்றட்டும், பழுதுக்கு ஓடிய மணிக்கு ஏற்பப் பிரியுங்கள். வண்டி யார் பெயரில் என்பதை வாங்கும் முன்பே அம்மா, அண்ணி எல்லோரும் இருக்கும்போது பேசி முடித்துவிடுங்கள்.

ஒரே வண்டியை நம்பியிருந்து அது நின்றுபோனால்?

இதை யாரும் முன்கூட்டிக் கேட்பதில்லை. எனக்கு நடந்தபின்தான் புரிந்தது. தாளடி நடவு நேரத்தில் கூட்டு டிராக்டரின் கிளட்ச் போயிற்று. பாகம் வர எட்டு நாள். உழவு, பரம்பு, நாற்று ஏற்றுவது எல்லாம் அந்த ஒரு எஞ்சினில் தொங்கிக்கொண்டிருந்ததால் எல்லாமே நின்றது. தனித்தனி இயந்திரம் வைத்திருப்பவருக்கு ஒன்று படுத்தால் ஒரு வேலைதான் நிற்கும். ஆனால் அவருக்கு நான்கு எஞ்சின் என்றால் நான்கு பில்டர், நான்கு ஆயில், நான்கு இடத்தில் பழுது பார்க்கும் ஆள். பருவம் தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே கிளட்ச், லிஃப்ட் பம்ப், ரோட்டவேட்டர் பேரிங் மூன்றையும் பார்த்துவிடுவது அதற்குப் பிறகு எனக்கு வழக்கமாகிவிட்டது.

அறுவடை இயந்திரம் வாங்கினால் லாபம் என்கிறார்களே?

பெல்ட் வண்டி (டயருக்குப் பதில் ரப்பர் பட்டையில் ஓடும் அறுவடை இயந்திரம்) ஒரு ஏக்கரை ஒரு மணி, ஒன்றரை மணியில் முடித்துவிடும். ஒரு வேலிக்கு இரண்டு போகத்திலும் சேர்த்து இருபது மணி நேரம் வருவதே அபூர்வம். நம் பகுதியில் தை அறுப்பு சில வாரங்களே. அதனால்தான் சேலம், ஆத்தூர்ப் பக்கத்து வண்டிக்காரர்கள் இங்கே முடித்துவிட்டு அடுத்த மாவட்டம், அடுத்த மாநிலம் என்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். வீட்டை விட்டு மாதக்கணக்கில் வண்டியோடு சுற்ற முடிகிறவருக்கே அந்தத் தொழில்.

வாடகைக்கு எடுப்பவருக்கு ஒரு வார்த்தை. பருவம் தப்பிய மழையில் எல்லா வயலும் சாய்ந்து நிற்கும்போது மணி வாடகை ஏறும். ஈரத்தோடு அறுத்த நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் 17 சதவீத ஈரப்பத வரம்பு பார்த்துத் திருப்புவார்கள். உங்கள் வயலையும் பக்கத்து வயல்களையும் ஒரே ரகம், ஒரே வாரத்தில் நட்டிருந்தால், சேர்ந்து ஒரு வண்டியைப் பேசி வரவழைக்கலாம். தனியாக ஒரு மாவுக்கு அழைத்தால் யாரும் வரமாட்டார்கள்.

பெரிய வண்டி ஓடி ஓடி நிலம் கெட்டுப்போகாதா?

கெடும். ஒவ்வொரு போகமும் சேற்றில் கேஜ் வீல் ஓடினால் ஒரு சாண் ஆழத்தில் மண் இறுகித் தட்டாகிவிடும். நெல்லுக்குத் தண்ணீர் நிற்க அது ஓரளவு உதவும். நெல்லுக்குப் பின் வரும் உளுந்துக்கும் பயறுக்கும்தான் வேர் இறங்காது. இன்னொரு கவலையும் உண்டு. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்து தெளிப்பது நம் பழக்கம். ஆள் அறுத்த காலத்தில் முளை பிழைத்தது. இப்போது பெல்ட் வண்டி போன தடத்தில் முளை நசுங்கிவிடுகிறது. அறுப்புக்கு முன் தண்ணீரை நன்றாக வடித்து, வண்டியை வந்த தடத்திலேயே திரும்பச் சொல்லிப் பாருங்கள். நெல்லை ஏற்ற டிராக்டரை வயலுக்குள் விடாமல் வரப்போரம் நிறுத்துங்கள்.

ஓட்டும்போது எதற்குப் பயப்பட வேண்டும்?

இரண்டுக்கு. பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுற்றுகிறது, அதாவது ஒரு விநாடிக்கு ஒன்பது சுற்று. வேட்டி முனையோ துண்டோ சேலையோ மாட்டினால் கையை நீட்டி அணைக்க நேரம் இருக்காது. மேல் மூடி இல்லாத தண்டை ஓட்டாதீர்கள், வாடகைக்கு வந்த வண்டியாக இருந்தாலும் திருப்பி அனுப்புங்கள். ரோட்டவேட்டரில் சிக்கிய வைக்கோலை எடுக்க எஞ்சினை நிறுத்திச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

இரண்டாவது, சேற்றில் மாட்டிய வண்டி. சக்கரத்தில் கட்டையைக் கட்டி முன்னோக்கி எடுக்கப் பார்ப்பார்கள். சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால் வண்டியின் முகமே தூக்கிக்கொண்டு பின்பக்கம் கவிழும், ஓட்டுபவர் அடியில். மெதுவாகப் பின்னோக்கி எடுங்கள், முடியாவிட்டால் இறங்கிவிட்டு இன்னொரு வண்டிக்குக் காத்திருங்கள்.

பழைய டிராக்டர் வாங்கலாமா?

ஆண்டுக்கு 200, 300 மணி நேரத்துக்குள் ஓடும் வீட்டுக்குப் புதியதைவிட அதுவே பொருத்தம் என்று நினைக்கிறேன். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். லிஃப்ட்டில் ரோட்டவேட்டரைத் தூக்கி நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, ஒரு டீ குடித்து வாருங்கள். சட்டென்று இறங்கியிருந்தால் லிஃப்ட்டில் வேலை இருக்கிறது, அந்தச் செலவை விலையில் கழியுங்கள். ஆர்.சி. புத்தகத்தில் கடன் குறிப்பு நீங்கியிருக்கிறதா, டிரெய்லருக்குத் தனிப் பதிவு இருக்கிறதா என்று பார்த்தபின் முன்பணம் கொடுங்கள்.